மூன்றாம் கட்டத்துச் சுவர்

கல்கத்தா பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுக்களை ஜன்னல் கண்ணாடியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. ஒன்று மிளகளவு, மற்ற இரண்டும் கடுகளவு. என் மனைவி புளி வைத்துத் தேய்த்தாள், சாம்பல் வைத்துத் தேய்த்தாள், கடைசியில் அரிவாள்மணை நுனியால் சுரண்டியும் பார்த்தாள். கண்ணாடிதான் கீறியதே தவிர புள்ளிகள் போகவில்லை. "உங்க சகலை கை பட்டது எதுவும் அழியாது போலிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவை மணலும் சாம்பல் உப்பும் உருகி உண்டான ஒரு திரவம் தெறித்து விழுந்த புள்ளிகள். அந்தத் திரவத்தை உண்டாக்கியவர் என் சகலை. உண்டாக்க வேண்டும் என்று புத்தகம் புத்தகமாகப் புரட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். காலையில் முகம் கழுவிவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தால் முதலில் அந்தப் புள்ளிகள்தான் கண்ணில் படும். பாதி நாளுக்கான எரிச்சல் அங்கேயே கிடைத்துவிடும்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். நானும் அவரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான். நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்து, கிடர்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பெயிண்ட் கம்பெனியின் சோதனை அறையில் உதவியாளனாக ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தேன். அவர் தூத்துக்குடியில் ஒரு சோப்புப் பட்டறையில் காரத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பட்டறை மூடிய பிறகு, என் மனைவி அழுது அழுது சொன்னதன்பேரில் நான் பெரிய துரையிடம் பேசி அவருக்குக் கிடங்குக் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தேன். வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்கள், மேல்தளத்தில் நாங்கள், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுக்களை. வேலை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவர் மறக்கவே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பொறாமை எந்த நாளில் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வந்த ஆறு மாதத்தில் அவர் வங்காளி பேசினார். நான் ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தியைக் கலந்து தடுமாறிக்கொண்டிருந்தேன். தெருவில் என்னை "மத்ராஜி பாபு" என்றவர்கள் அவரை அண்ணன் முறை வைத்து "தாதா" என்றார்கள். என் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மாடிப்படி ஏறாமல் நேரே சித்தப்பாவிடம் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் ஓயாமல் கேள்வி கேட்பார். டிராம் கம்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கங்கைத் தண்ணீர் ஏன் சில வேளை உவர்க்கிறது, வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணெரிகிறது என்று எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்பார். "அண்ணாச்சிக்குத் தெரியாதது உண்டா" என்று உண்மையாகவே நம்பிக் கேட்பார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. எதையாவது சொல்லிவைப்பேன். ஒரு வாரம் கழித்து அவரே சரியான பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து, என்னைத் திருத்துவதுபோல இல்லாமல், தான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டதுபோலச் சொல்வார்.

கல்கத்தாவில் வெளிச்சுவர் வைத்திருப்பவன் படும் பாட்டை இங்கே இருந்தவர்கள் அறிவார்கள். நான்கு மாத மழை, மீதி நாளெல்லாம் நிலக்கரிப் புகை, எப்போதும் ஆற்றின் ஈரக்காற்று. துர்கா பூஜைக்கு முன்னால் சுண்ணாம்படித்த வீடு அடுத்த ஆவணிக்குள் கறுத்துப்போகும். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக உரியும். ஜெர்மனியிலிருந்து பீப்பாய்களில் ஒரு வகைப் பூச்சு வந்துகொண்டிருந்தது. பொடி தனியாகவும் திரவம் தனியாகவும் வரும். பொடியில் இருப்பது காவிக்கல், செம்மண் போன்ற மண்நிறங்கள். திரவத்தை நாங்கள் வாட்டர் கிளாஸ் என்போம். அதாவது தண்ணீரில் கரைந்த கண்ணாடி. சுண்ணாம்புப் பூச்சின்மேல் தடவினால் அது உள்ளே இறங்கிக் கல்லாகிவிடும். பாசி பிடிக்க அதில் ஒன்றுமில்லை, உரிந்து வர அது தோலுமில்லை. எங்கள் கம்பெனிக்கு அந்தச் சரக்கினால்தான் பெயர்.

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதும் பீப்பாய்கள் நின்றுபோயின. துறைமுகத்துக்கு எதிரே ஒரு சணல் கம்பெனியின் நீளக் கட்டடத்துக்கு நிறம் பூசித் தருவதாகத் துரை ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் எல்லாரையும் கூப்பிட்டு, இந்த நாட்டுப் பொருளை வைத்து மழையைத் தாங்கும் பூச்சு ஒன்றை யார் செய்து காட்டினாலும் அவரைத் தொழிற்சாலை மேற்பார்வையாளராக ஆக்குவேன் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் வெகுநாளாக எண்ணியிருந்தேன். மூன்றாம் நாள், கிடங்குக் குமாஸ்தாவும் ஒரு பூச்சுச் செய்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. கேட்டவர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். நான் "தாராளமா" என்றேன்.

நான் செய்தது சுண்ணாம்பும் பால்திரட்டும் சேர்ந்த பூச்சு. மிட்டாய்க் கடைக்காரர்கள் சந்தேஷ் செய்ய வாங்கும் சானாவைத்தான் வாங்கிச் சுண்ணாம்பில் அரைத்தேன். வேலையாட்கள் அதற்குச் சந்தேஷ் பெயிண்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் சகலையோ அந்த ஜெர்மன் திரவத்தையே இங்கே உண்டாக்கப் புறப்பட்டார். சோப்புப் பட்டறையில் அதன் தம்பி முறையான ஒரு திரவத்தைக் கலந்து பழக்கம் இருந்ததாம். ஜெர்மன் திரவத்துக்கு வேண்டிய சாம்பல் உப்பும் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். அது இல்லாமல் எப்படி என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவர் டாலிகஞ்சில் கால்வாயை அடைத்துக்கொண்டு மிதந்த ஊதாப்பூ ஆகாயத்தாமரைக் களையைப் பார்த்தார். அந்நாளில் புதிதாகப் பரவிய அந்தக் களைக்கு ஜனங்கள் ஜெர்மன் பானா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை வண்டி வண்டியாக வாரி உலர்த்தி எரித்து, சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுத்தார். பக்கத்திலேயே வங்காளி ஒருவர் கண்ணாடிப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய உலையில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கி, வெள்ளை மணலோடு அந்த உப்பை உருக்கினார். உருகிய கண்ணாடியை நொறுக்கி எங்கள் அடுக்களையில் நாள்கணக்கில் கொதிக்க வைத்தார். பட்டறை முதலாளி ஒரு நாள் என்னிடம், "உங்கள் பாய்ரா பாய்க்குப் பைத்தியம், பாபு" என்றார். வங்காளியில் சகலைக்குப் பாய்ரா பாய் என்று பெயர். "ஆனால் இப்படி ஒரு பைத்தியம் என் வீட்டில் இருந்தால் நான் கொடுத்துவைத்தவன்" என்றும் சொன்னார். தாவரச் சாம்பலில் அந்த உப்பு இருப்பதை நான் எஃப்.ஏ. வகுப்பிலேயே படித்திருக்கிறேன். படித்திருந்தேன், அவ்வளவுதான்.

கிடங்கின் மேற்குச் சுவர்தான் எங்கள் சோதனைச் சுவர். ஆற்றைப் பார்த்து நிற்பது, மழையை நேராக முகத்தில் வாங்குவது. அதைத் தூண்களுக்கு நடுவே கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தோம். எந்தக் கட்டத்தில் எப்போது எதைப் பூசினோம் என்பது என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். துரை எனக்கு இரண்டாம் கட்டத்தையும் அவருக்கு மூன்றாம் கட்டத்தையும் ஒதுக்கினார். மூன்றாம் கட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குடிக்கக் குடிக்கத் தடவியிருந்தேன். பிறகு அதன்மேல் சுண்ணாம்படித்து மூடியாகிவிட்டது. எண்ணெய் குடித்த சுவரில் வாட்டர் கிளாஸ் இறங்காது. இது எனக்குத் தெரியும். துரை கட்டத்தைச் சொன்னபோதே நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு காலை. அவர் பழைய சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிவிட்டு, வாளித் தண்ணீரைக் கையால் அள்ளிச் சுவரில் வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் தண்ணீரைக் குடிக்காமல் வழியவிட்டது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

"அண்ணாச்சி, தண்ணி சட்டுனு இறங்க மாட்டேங்கு. முன்னாடி இதுல எண்ணெய் கிண்ணெய் ஏதும் பட்டிருக்கா?"

நோட்டுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது.

"இல்ல தம்பி, வெறும் சுண்ணாம்புதான். காத்துல ஈரம் சாஸ்தி, அதான் குடிக்க மாட்டேங்கு."

"அப்ப சரி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி சொல்லிவிட்டால் அவருக்கு அப்படித்தான். மட்டையை எடுத்துப் பூசத் தொடங்கினார். நல்ல மஞ்சள், வங்காளிகள் ஏலா மாட்டி என்று சொல்லும் காவி மண்ணின் நிறம். பூசி முடித்தபோது வெயிலில் அந்தக் கட்டம் மட்டும் உள்ளிருந்து ஒளி வீசுவதுபோல நின்றது. பக்கத்தில் என் சந்தேஷ் பெயிண்ட் சோகை பிடித்தவன்போல வெளிறித் தெரிந்தது. பொய் சொன்னதற்கு நான் அப்போது வருந்தவில்லை. சொன்னது நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஆனியில் மழை இறங்கியது. முதல் மாதத்திலேயே மூன்றாம் கட்டத்தில் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. ஆடி முடிவதற்குள் மஞ்சள் நிறம் சருகு சருகாக உரிந்து அடியில் குவிந்தது. அவர் தினமும் வந்து நின்று பார்ப்பார். குனிந்து சருகுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொள்வார். வீட்டில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். என் மனைவியும் அவள் தங்கையும் அவருக்காகக் காளிகாட் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார்கள். எனக்காக யாரும் எங்கும் போகவில்லை. செய்ததைச் செய்துவிட்டு இதற்கும் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பூஜை விடுமுறை கழிந்து துரை வந்து பார்த்தார். என் கட்டத்தில் அடிப்பக்கம் மட்டும் லேசாகக் கறுத்திருந்தது. என் முதுகில் தட்டினார். நான் மேற்பார்வையாளர் ஆனேன். சணல் கம்பெனியின் நீளக் கட்டடத்துக்கு என் பூச்சையே பூசினோம். வீட்டில் என் மனைவி பாயசம் வைத்தாள். முதல் கிண்ணத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் என் சகலைதான். "நல்லா இருங்க, அண்ணாச்சி" என்றார். அந்தப் பாயசத்தில் எனக்கு ருசியே தெரியவில்லை.

அடுத்த மழையில் என் பூச்சின் வண்டவாளம் வெளிவந்தது. பால்திரட்டு பூஞ்சைக்கு நல்ல தீனி. சணல் கம்பெனிக் கட்டடம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சட்டியின் அடிபோலக் கரிபிடித்தது. அவர்கள் துரைக்குக் கடுமையாக எழுதினார்கள், துரை என்னைக் கடுமையாகப் பேசினார். என் வேலை நிற்குமா போகுமா என்றிருந்த அந்த வாரத்தில், துரை டாலிகஞ்சு கிளப்புக்குக் குதிரையேறப் போகும் வழியில் ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறார். இரண்டு மழை தாண்டியும் அப்போதுதான் பூசியதுபோல மஞ்சளாக நின்ற வீடு. வண்டியை நிறுத்தி விசாரித்தாராம். அது கண்ணாடிப் பட்டறை முதலாளியின் வீடு. உலைக்கு இடம் கொடுத்ததற்கு நன்றியாக என் சகலை, சோதனைச் சுவருக்குச் செய்த திரவத்தில் மிஞ்சியதைக் கொண்டு அதே வைகாசியில் பூசிக்கொடுத்திருந்தார்.

மறுநாள் துரை எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். டாலிகஞ்சில் நிற்கிற பூச்சு மூன்றாம் கட்டத்தில் மட்டும் ஏன் உரிந்தது என்று துரை கேட்டார். சோதனைச் சுவர் என் பொறுப்பு. நோட்டுப் புத்தகம் துரைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சகலை தம்முடைய கிடங்கு இங்கிலீஷில், தப்பு தம்முடையதுதான் என்றும் அந்தச் சுவருக்கு மட்டும் திரவத்தை நீர்க்க விட்டுவிட்டதாகவும் சொன்னார். துரை தோளைக் குலுக்கினார். மேற்பார்வையாளர் நாற்காலி அன்றே கை மாறியது. நான் பழையபடி சோதனை அறைக்குப் போனேன். வேலை மட்டும் பிழைத்தது.

சாயங்காலம் இருவரும் டிராமுக்கு நிற்காமல் நடந்தோம். கிடர்பூர் பாலத்தின்மேல் ஏறியபோது எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"உரிஞ்ச வாரத்துலயே. சருகைத் தீயில காட்டினேன். ஆளிவிதை எண்ணெய் வாடை வந்துச்சு."

கீழே கால்வாயில் பானாவை விலக்கிக்கொண்டு ஒரு வைக்கோல் படகு போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னே ஏன் துரைகிட்ட சொல்லல? என் மேல இவ்வளவு..." என்றேன்.

அவர் திரும்பினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு வறட்சி இருந்தது.

"உங்களுக்காக இல்ல, அண்ணாச்சி. உங்க வேலை போனா நீங்க ஊருக்குப் போயிருவிய. அக்காவும் போயிருவா. என் வீட்டுக்காரி இந்த ஊர்ல தனியாக் கெடந்து அழுவா. அதுக்காகத்தான்."

அவ்வளவுதான் சொன்னார். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மன்னித்துவிட்டேன் என்றாலாவது, பெரிய மனுஷன் வேஷம் என்று மனசுக்குள் ஏசியிருப்பேன். இரண்டுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. வீட்டு வாசலை நெருங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. சருகை எரித்துப் பார்த்த அந்த ஆடி மாதத்திலிருந்து அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. டிராமைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக இதைக் கவனிக்காமல், வெற்றியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

நீளக் கட்டடத்தைச் செங்கல் தெரியச் சுரண்டி, புதுச் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, அதன்மேல் அவருடைய மஞ்சளைப் பூசினார்கள். யுத்தம் முடிந்து ஜெர்மன் பீப்பாய்கள் மறுபடி வந்தபோது துரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். அந்த முடிவை நோட்டில் எழுதியவன் நான். கை கூசாமல் எழுதினேன், மனசு மட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் கசந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். என் பெண்களின் கல்யாணத்தில் அவர்தான் முன்னின்று ஓடியாடினார். "அண்ணாச்சி, சாப்பாடு ஆயிட்டு, வாங்க" என்பார். "நாளைக்கு மழை வரும்" என்பார். சொல்வதெல்லாம் சொல்வார். கேட்க வேண்டியதை என் மனைவியிடமோ, தெருவில் போகிறவரிடமோ கேட்டுக்கொள்வார். வெளியே யாருக்கும் இது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். என் இடத்தில் உட்கார்ந்து அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஒவ்வொருவர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பதில் தெரியாமல் திண்டாடிய அந்தப் பழைய நாட்களுக்கு ஏங்கினேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. ஒரு காலையில், "கிடர்பூருக்குப் போகணும், அண்ணாச்சி. கூட்டிட்டுப் போங்க" என்றார். டிராமில் கையைப் பிடித்து ஏற்றி, துறைமுகத்துக்கு எதிரே இறக்கினேன். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே சாலையைத் தாண்டி அந்த நீளக் கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்:

"அண்ணாச்சி, நிறம் நிக்கா?"

அந்த ஆடிக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நிமிர்ந்து பார்த்தேன். சுவர், பூசிய அன்றைக்கு இருந்த மஞ்சளாகவே நின்றது. பக்கத்துக் கட்டடங்கள் கறுத்து வழிந்து கிடந்தன. அந்த இடத்தில், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவர் குருடாகி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும், 'வெளுத்துப் போச்சு' என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. நான் சொன்னால் அவர் நம்பித்தான் ஆக வேண்டும். அதை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நிக்கு, தம்பி. அன்னைக்கு நீங்க போட்ட மாதிரியே நிக்கு."

அவர் தலையை ஆட்டினார். உதட்டோரத்தில் லேசான சிரிப்பு.

"ரொம்ப யோசிச்சுல்லா சொல்லுதிய" என்றார். என் கையை மட்டும் விடவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கால் ஒத்துழைக்கும் நாட்களில் நான் இன்னும் கிடர்பூர் டிராமில் ஏறி அந்தப் பக்கம் போய்வருகிறேன். போன மாதம் பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு வங்காளிப் பெரியவர் ஜன்னல் வழியே காட்டி, அந்த மஞ்சள் கட்டடத்துக்குப் புதிதாக நிறம் பூசியிருக்கிறார்களே, யார் வேலை என்று கேட்டார். புதிது இல்லை, மிகப் பழையது, என் பாய்ரா பாய் செய்தது என்று சொன்னேன். யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் இன்றைக்கும் எனக்கு ஒரு கணம் தேவைப்படுகிறது.